‘சந்தோஷம்’ என்ற சொல்லை வரைவது எப்படி: பிரதாப முதலியார் சித்திர நாவலான கதை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலின் ஒரு பகுதியை 64 பக்கச் சித்திர நாவலாக மாற்றிய வேலை, சென்ற ஆண்டு தைப்பொங்கல் விடுமுறையில் தொடங்கி இவ்வாண்டு மாசியில் முடிவடைந்தது. நான் மட்டக்களப்பில் தமிழ் கற்பிப்பவன், எழுத்துப்பிரதி என்னுடையது. படங்களை வரைந்தவர் என்னிடம் உயர்தரம் படித்த, அம்பாறை மாவட்டத்து மல்வத்தைப் பக்க இளைஞர்; இங்கே அவரைத் ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன். இருவருக்கும் இது முதல் முயற்சி. ஆகவே பிழைகளும் முதல் முயற்சிக்கே உரியவை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அவை பயன்படக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால் என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கையை உயர்த்துவார்கள். அதை யார் வாசித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு கையும் உயராது. நூலைத் தெரிவு செய்ததற்கு அதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் சட்டம் பற்றியது. ஆசிரியர் 1889இல் காலமானவர். இலங்கைச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள் வரையே நீடிப்பதால், எவரிடமும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய தேவை எழவில்லை.

முதலில் முழு நாவலையும் 120 பக்கங்களுக்குள் சுருக்கிவிடலாம் என்று நினைத்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள், கதைக்குள் கதைகள், நீண்ட அறிவுரைகள், இவை அனைத்தையும் தன்மை இடத்தில் நின்று சொல்லிக்கொண்டு போகும் பிரதாப முதலியார் என்று நூல் விரிந்து கிடக்கிறது. நான் ஒவ்வோர் அதிகாரத்தையும் மூன்று பக்கமாகச் சுருக்கி எழுதிக் கொடுக்க, தம்பி பதினான்கு பக்கங்களுக்கு முன்வரைவு போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, “சேர், இதில நான் கீறுறதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நீங்களே சொல்லிப்போட்டீங்க” என்றார். பார்த்தால் உண்மைதான். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் பெரிய விவரணைப் பெட்டி. அதன் கீழே ஆட்கள் நிற்கிறார்கள், சில இடங்களில் கையை நீட்டியபடி நிற்கிறார்கள். என் சுருக்கத்துக்கு அவர் படம் ஒட்டியிருந்தார், அவ்வளவே.

அந்தப் பதினான்கு பக்கங்களையும் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு மூலத்தை மீண்டும் வாசித்தபோது, ஆசிரியரின் போக்கு ஓரளவு பிடிபட்டது. அவர் முன்சீப்பாகப் பணியாற்றியவர்; நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தவர். வாதமும் மறுவாதமும், ஒரு சொல்லை எதிராளி எப்படித் திருப்பிப் பிடிப்பான் என்பதும் அவருக்குக் கைவந்தவை. ஒரு முகத்தையோ வீட்டையோ உடையையோ நின்று வர்ணிப்பது மிகக் குறைவு. காதால் எழுதப்பட்ட நாவல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் கண்ணுக்கு வேண்டியது முழுவதையும் நாங்களே தேடிக் கொண்டுவர வேண்டும். காதுக்குரியவற்றில் எதை விடுவது, எதை விடவே கூடாது என்பதையும் நாங்களே தீர்மானிக்க வேண்டும்.

இந்த ஊரில் அப்படியொரு தீர்மானம் புதிதும் அன்று. விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோது, ஆட்டத்தையும் பாட்டையும் ஒரே அளவாக வெட்டினால் கூத்துச் செத்துவிடும் என்பதை அறிந்தே செய்திருக்கிறார். நாங்களும் வெட்டும் அளவைக் கைவிட்டு, படமாகக் கேட்கும் பகுதி எது என்று தேடத் தொடங்கினோம். அது விக்கிரமபுரிப் பகுதி. மனைவியைப் பிரிந்து விக்கிரமபுரி வந்து சேரும் பிரதாபர், செருப்புத் தைப்பவர் ஒருவரிடம், தைத்துத் தந்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறார். தமக்கு இன்னும் சந்தோஷம் வரவில்லை என்று அந்த மனிதர் வழக்குத் தொடுக்கிறார். கணவரைத் தேடி ஆண் வேடத்தில் வரும் ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலை போட, அவள் அரசராகிவிடுகிறாள். வழக்கு அவள் முன் வருகிறது. புதிய அரசர் பட்டமேற்றதில் உனக்குச் சந்தோஷமா என்று அவள் கேட்க, சந்தோஷம் என்கிறார் வழக்காளி. உனக்கு வர வேண்டிய சந்தோஷம் வந்துவிட்டது, வழக்கு முடிந்தது என்பதே தீர்ப்பு. இதற்கு முன்னால் இளமைக்காலப் பகுதி ஒன்றை மட்டும் எட்டுப் பக்கங்களில் வைத்தோம்.

ஒரே சொல்லில் தொங்கும் இந்தப் பகிடியை எப்படி வரைவது என்பதில் மூன்று வாரம் போயிற்று. எழுத்தில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்போது வாசகர் தாமாகவே கூர்ந்து கவனிப்பார். படத்தில் கண் முகங்களுக்குத்தான் போகும், பேச்சுக் குமிழுக்குள் இருக்கும் சொல் வெறும் சத்தமாகிவிடும். பல வழிகளை முயன்ற பின், ‘சந்தோஷம்’ என்ற சொல்லை மட்டும் கணினி எழுத்துருவில் போடாமல் தூரிகையால் ஒரு முறை எழுதி, அந்த ஒரே வடிவத்தை வரும் இடமெல்லாம் மாற்றமின்றி வைத்தோம். கட்டத்தையும் அவ்வாறே செய்தோம். வழக்காளியின் முகம், தோள் வரை, இடப்பக்கம் சற்றுத் திரும்பியது. தெருவில் ஒரு முறை, சாவடியில் ஒரு முறை, நீதிமன்றத்தில் ஒரு முறை என மூன்று இடங்களில் அதே கட்டம் அதே அளவில் வருகிறது. சந்தோஷமா என்று குமிழ் கேட்கிறது, அவர் இல்லை என்று தலையசைக்கிறார். நான்காம் முறை அதே கட்டம் வரும்போது அவருக்குப் பின்னால் காவலரின் ஈட்டிகளும் பூமாலை தொங்கும் தூணும் தெரிகின்றன. புதிய அரசரின் முன் நின்றுகொண்டு ‘இல்லை’ என்று சொல்ல முடியாத நிலையை அந்த ஈட்டிகளே காட்டிவிடுவதால், அதற்கென்று நான் எழுதி வைத்திருந்த இரண்டு வரி விவரணையை அடித்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இப்போது ஒன்பது சொற்களே உள்ளன. முழு நூலிலும் எனக்கு நிறைவு தந்த பக்கம் அதுதான்.

வழக்காளியைப் பற்றி எங்களுக்குள் ஒரு சண்டையும் நடந்தது. மூலத்தில் அவர் சாதிப் பெயரால் குறிக்கப்படுகிறார்; சிரிப்பும் அவர்மேல்தான் விழுகிறது. முதல் வரைவில் தம்பி அவரை வளைந்த மூக்கும் தந்திரக் கண்ணுமாக வரைந்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே படத்தைக் கிழித்துவிட்டு, “சேர், இவர் கேட்டதில என்ன பிழை? வாக்குக் குடுத்தவர் அவர்தானே” என்றார். அதன் பின் அந்த மனிதரின் தொழிலுக்கென்று பேச்சில்லாத ஒரு பக்கம் ஒதுக்கினோம்: ஊசி தோலில் இறங்குவது, நூலுக்கு மெழுகு பூசுவது, பல்லால் நூலை இழுத்து முடிச்சிடுவது. சாதிப் பெயரை நீக்கியதை முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறோம். ஒரு செவ்விலக்கியத்தின் சொல்லை ஓசைப்படாமல் மாற்றிவிட்டு மூலம் என்று விற்பது எனக்கு உடன்பாடில்லை.

இளமைக்காலப் பகுதி எளிதாக இருக்கும் என்று நினைத்தது தவறு. செல்லமாக வளர்ந்த பிரதாபரை அடிக்க முடியாத உபாத்தியாயர், அவருக்குப் பதிலாகத் தம் மகன் கனகசபையை அடிக்கும் காட்சி அது. கூடவே படிக்கும் ஞானாம்பாள் அவரைவிடக் கெட்டிக்காரி. தம்பி அவளை மேசையில் ஏட்டை வைத்து எழுத்தாணியைப் பேனையைப் போலப் பிடித்து எழுதுபவளாக வரைந்திருந்தார். எங்கள் உறவினர் ஒருவரின் வீட்டில் பழைய கூத்துக் கொப்பிகளோடு ஓர் ஏட்டுக் கட்டும் எழுத்தாணியும் இருந்தன. இருவரும் போய்ப் பார்த்தோம். ஏடு இடது உள்ளங்கையில் கிடக்கும். எழுத்தாணி வலது கைப்பிடிக்குள் இருக்கும். அதன் முனை இடது பெருவிரலின் நகத்தில் வெட்டிய சிறு காடியில் பதிந்து நிற்கும். எழுதும்போது வலது கை அவ்வளவாக நகராது. இடது கை ஏட்டைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கும். பழைய ஓலைத் துண்டொன்றில் ‘அ’ எழுதிப் பார்த்த எனக்கு மூன்றாம் முயற்சியில்தான் அது ஓரளவு ‘அ’ ஆயிற்று. மை இல்லாததால் கீறலும் தெரியவில்லை. விளக்குக் கரி தேய்த்த பிறகே எழுத்து வெளிவந்தது. தம்பி அந்த வளைந்த இடது பெருவிரலை மட்டும் பதினைந்து முறை வரைந்துகொண்டு திரும்பினார். அந்தப் பெருவிரல் பின்னால் எங்களைக் காப்பாற்றப் போகிறது என்பது அப்போது தெரியாது.

இடத்தைப் பற்றியும் சில சொற்கள். கண் அறிந்ததையே கை வரையும். முதல் வரைவில் பிரதாபரின் வீடு எங்கள் பக்கத்துப் போடியார் (பெரும் வயற்சொந்தக்காரர்) வீடாக இருந்தது. காடு எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, அப்பால் தெரியும் காடாக இருந்தது. வீட்டை மாற்றச் சொன்னேன். கதை தமிழ்நாட்டுக் கதை. தெருவை ஒட்டிய திண்ணையும் மரத்தூணும் நடு முற்றமும் வேண்டும். யானையில்தான் எதிர்பாராத சிக்கல் வந்தது. தம்பிக்கு யானை புத்தகத்தில் பார்த்த விலங்கு அன்று. அறுவடைக் காலத்தில் வாடியில் படுத்துக்கொண்டு காவல் காத்த இரவுகளில் வயலுக்குள் இறங்கிய யானைகளை வெளிச்சம் அடித்துப் பார்த்து வளர்ந்தவர். அவர் வரைந்த பட்டத்து யானையின் தோல் மடிப்பும், முன்காலை வைக்கும்முன் துதிக்கை நுனியால் நிலத்தைத் தொட்டுப் பார்க்கும் விதமும் யாராலும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் அந்த யானைக்குத் தந்தம் இல்லை. கேட்டால், “அலியன்தானே சேர்” என்கிறார். இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு. இங்கே யானை என்றால் அலியன், கொம்பனைக் கண்டால் அது ஊர்ச் செய்தி. தென்னிந்தியாவில் நிலைமை தலைகீழ். அங்கே ஆண் யானைகளில் பெரும்பாலானவை கொம்பன்களே. விக்கிரமபுரி கற்பனை ஊராக இருந்தாலும் அதன் யானை அந்த மண்ணின் யானையாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு வென்றேன். தந்தம் வந்தபின், யானை மாலையைத் தூக்கிப் போடும் கட்டத்தில் துதிக்கையும் மாலையும் இரண்டு தந்தங்களுக்கிடையே சிக்கிக்கொண்டதால், அந்தப் பக்கம் முழுவதையும் பக்கவாட்டுக் கோணத்துக்கு மாற்ற நேர்ந்தது. வென்றதற்குத் தண்டனை.

பாத்திரங்களை அறிமுகம் செய்யும் விவரணைப் பெட்டிகளை ஒழித்தது கூத்துத்தான். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் முதன்முதல் களரிக்குள் வரும்போது வரவுப்பாட்டோடு ஆடி வந்து தன்னைச் சொல்லும். அதேபோல ஒவ்வொரு முக்கிய பாத்திரமும் முதலில் தோன்றும் பக்கத்தில் கட்டக்கோடுகளை நீக்கி, வெள்ளை வெளியில் முழு உருவமாக நிறுத்தி, காலடியில் வட்டமாகப் பெயரை எழுதினோம். பெயரின் எழுத்து ஒவ்வொருவருக்கும் வேறு வடிவம். இன்னாரின் மகன், இன்ன ஊர் என்று நான் எழுதியிருந்த பத்திகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன.

ஆண் வேடமிட்ட ஞானாம்பாளே கடைசி வரை இழுபறியாக இருந்தாள். கதை சொல்பவர் கணவர். அரசர் யார் என்பதை வாசகர் எப்போது அறிய வேண்டும் என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகுதான் என்று முடிவு செய்தோம். எழுத்தில் ‘அரசர்’ என்ற ஒரு சொல் போதும், முகத்தை மூடிவிடலாம். படத்தில் முகத்தை வரைந்தால் அவள் என்பது தெரிந்துவிடும். வேறு முகம் வரைந்தால் அது வாசகரை ஏமாற்றும் பொய். தலைப்பாகையின் நிழலில் முகத்தை மறைத்த முதல் வழி, பத்துப் பக்கங்களுக்குத் தொடர்ந்தபோது அரசருக்கு ஏதோ நோய் என்பதுபோல் ஆகிவிட்டது. பின்னர் அரசவைக் காட்சிகள் அனைத்தையும் சிம்மாசனத்தின் பின்னிருந்தும், அரசரின் கண்ணாக நின்றும் வரைந்தோம். வாசகருக்குத் தெரிவது அரசரின் கைகள் மட்டுமே. ஆணை எழுதும் கட்டத்தில் ஏட்டைத் தாங்கும் இடது பெருவிரல், திண்ணைப் பள்ளியில் கண்ட அதே வளைவோடும் அதே காடியோடும் வருகிறது. குறிப்பு எதுவும் எழுதவில்லை.

பொருட்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சில் ஏ5, அசலை ஏ4 அளவில் நிப்பாலும் இந்தியன் இங்க்காலும் வரைந்து சுருக்கினோம். கார்த்திகை மாரி தொடங்கியதும் காகிதம் ஈரம் குடித்து, கோடுகள் பூனை மயிர்போல் ஓரம் பரவின. வரைவதற்கு முன் காகிதத்தை மின்குமிழ் எரியும் அலமாரிக்குள் ஓர் இரவு வைத்தெடுத்த பிறகே கோடு நின்றது. சாம்பல் நிற நிழலை நீர் கலந்த மையால் பூசிய முதல் ஆறு பக்கங்கள் மாதிரி அச்சில் சேறாகிவிட்டன. எனவே நிழல் முழுவதையும் குறுக்குக் கோடுகளாக மாற்றி, 600 புள்ளி அடர்த்தியில் வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தோம்.

எழுத்து வைப்பது தனி வேலை. மொழிபெயர்ப்புச் சித்திரக் கதைகளில் ஆங்கிலத்துக்கென்று வரைந்த குமிழ்களுக்குள் தமிழ் திணறுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் குமிழ்களும் அப்படித்தான் திணறின. ஆங்கிலச் சித்திரக் கதைகள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் மட்டும் எழுதப்படுவதால் வரிகள் ஒரே உயரத்தில் நெருங்கி நிற்கும். தமிழில் ‘கீ’ மேலே ஏறும், ‘கூ’ கீழே இறங்கும். நெருக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். 9 புள்ளி எழுத்துக்கு 13 புள்ளி வரி இடைவெளி வைத்த பிறகே வாசிக்க முடிந்தது. சொல்லின் நீளம் இன்னொரு துன்பம். ‘சந்தோஷப்படுத்துகிறேனென்றீர்களே’ என்ற ஒரு சொல்லே குமிழை உடைத்துவிடும். புள்ளி வைத்த மெய்யெழுத்தில் ஒரு வரி தொடங்கக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் தாராளமாக உடைத்தோம். கடைசியில் குமிழை முதலில் வரைவதை நிறுத்தி, எழுத்தை வைத்த பின் அதைச் சுற்றிக் குமிழ் வரையத் தொடங்கினோம். முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது அது.

அச்சகத்தில் நேர்ந்தது வழமையான விபத்து. நாங்கள் யூனிகோடில் கொடுத்த கோப்பை, அங்கே யாரோ திருத்தம் செய்ய வசதியாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள்; மெய்ப்பில் இருபது குமிழ்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. அடுத்த முறை எழுத்தையும் கோட்டுருவாக மாற்றிப் படமாகவே கொடுத்தோம். அதன்பின் எவரும் எதையும் திருத்த முடியவில்லை. நானும் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்த முடியாமல் அப்படியே விட வேண்டியதாயிற்று.

அந்த மெய்ப்புப் பிரதியைத்தான் எங்கள் பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்தோம். செருப்பு வழக்கில் சிரித்தாள். யானையில் நின்றாள். அரசரின் வரவுப் பக்கத்துக்கு வந்ததும், முதுகு காட்டி நிற்கும் உருவத்தின் காலடி வட்டத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் பேர் போட்டிருக்கு. ராசாவுக்கு மட்டும் ஏன் மாமா போடல்ல?” என்று கேட்டாள். வேறு பெயர் எழுதினால் பொய், உண்மைப் பெயரை எழுதினால் மர்மம் உடைந்துவிடும் என்று நாங்கள் வெறுமையாக விட்ட வட்டம் அது. பதில் சொல்லவில்லை. இன்னும் ஐந்து பக்கம் புரட்டியவள், ஆணை எழுதும் கட்டத்தில் நின்று, பின்னோக்கித் திண்ணைப் பள்ளிப் பக்கத்துக்குப் போய், இரண்டு பக்கத்துக்கும் இடையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தம்பி எழுந்து வெளியே போய்விட்டார்.

வட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டோம். தீர்ப்புக்குப் பின் தலைப்பாகை கழலும் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம் செய்தோம்: பெயரை, திண்ணைப் பள்ளி வரவில் எழுதிய அதே எழுத்தில், அதே வட்டத்தில் வைத்தோம்.